பச்சைக் கட்டம்

திருப்பூரிலிருந்து தங்கை பஸ்ஸில் போட்டுவிட்ட மூட்டையை பிரெசில்லா தரையில் கொட்டினாள். சட்டைக் கம்பெனியில் வெட்டிக் கழித்த துண்டுகள். ஒரு சாணுக்கு மேல் ஒன்றும் தேறாது. ஃபிளானல் என்று தங்கை போனில் எத்தனை தடவை சொன்னாலும் பிரெசில்லாவுக்கு அது மெத்துத் துணிதான். மண்டபம் கடற்கரை வெயிலில் அந்தத் துணியில் சட்டை போட்டுத் திரிந்தால் பைத்தியம் என்பார்கள். ஆனால் ராத்திரி முழுக்கக் கடலில் கிடக்கும் ராத்தங்கலுக்குப் போகிற ஃபைபர் படகில், மார்கழி வாடைக்காற்றில், நனைந்த உடம்போடு சுருண்டு கிடக்க அதைவிட நல்லது கிடையாது.

துண்டுகளை மெஷினில் ஒட்டி, உள்ளே பழைய சேலையை இரண்டாக மடித்து வைத்து, பின்பக்கம் கைலி கொடுத்துத் தைப்பாள். நாலு மூலையிலும் காது வைப்பாள். அந்தக் காதில் கயிறு கோர்த்து படகின் முன்முனையில் அணியத்துப் பலகைக்கு அடியில் கட்டிவிடுவார்கள். படகுக்கு ஒரு போர்வை. நடுவில் ஒரு சாண் கட்டம், படகுக்கு ஒரு நிறம்.

நிறம் எதற்கு என்று கேட்டால் போர்வை மாறிப் போகாமல் இருக்க என்பார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கரை ஒதுங்கிய ஒருவனை முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவன்மேல் சுற்றியிருந்த போர்வையை வைத்து எந்தப் படகு என்று பிரெசில்லாதான் சொன்னாள். அதற்குப் பிறகு வந்த பழக்கம். அதை யாரும் வாயால் சொல்வதில்லை.

பச்சை, முறைக்கு அண்ணனான சவேரியார் படகுக்கு. மூன்று வருஷமாக அதுதான். போன வாரம் அவருக்குப் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தாள். அதே கையோடு மகன் ஜெபஸ்டினுக்கும் ஒன்று தைக்க உட்கார்ந்தாள். அவன் இந்த வருஷம்தான் வேறு ஆளின் புதுப் படகில் ஏறியிருந்தான். மூட்டை முழுக்கச் சிவப்பும் கறுப்புமான கட்டம் போட்ட துணி. வெறும் நிறத்தில் கிடந்தது சவேரியார் போர்வைக்கு வெட்டிய பச்சையில் மிஞ்சியது மட்டும்தான். அதையே நடுவில் வைத்தாள்.

வாசலில் நின்ற ஜெபஸ்டின் பார்த்துவிட்டான்.

“என்னம்மா, சவேரியார் மாமா கலரையே எனக்கும் வச்சுருக்க?”

“இருந்தது அதான். கிறிஸ்மஸ் கழிச்சு சித்தி மஞ்சத் துணி அனுப்புறேன்னுருக்கா. மாத்திக்கிருவோம்.”

“ரெண்டு போட்டும் ஒண்ணுனு நெனச்சுக்கிருவாக.”

“யாரு நெனக்கப் போறா? ஏலே, ஒனக்குக் குளிருக்குப் போர்வை வேணுமா, கலியாணத்துக்குச் சட்டை வேணுமா?”

“ரெண்டுந்தான் வேணும். மொதல்ல போர்வையக் குடு. மத்தவுக போட்டுல ஏறிட்டாக.”

மூன்று காது தைத்ததும் கறுப்பு நூல் தீர்ந்தது. கடைக்குப் போய்வர அவன் விடவில்லை. வலை பொத்துகிற நீல நைலான் நூல் ஆணியில் தொங்கியது. நாலாவது காதை அதில் கையாலேயே தைத்து, மூன்று முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள். அவன் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அது திங்கட்கிழமை மத்தியானம்.

செவ்வாய் விடிந்து எல்லாப் படகும் வந்தன. இரண்டு மட்டும் வரவில்லை. ஒன்று சவேரியார் படகு, இன்னொன்று ஜெபஸ்டின் போனது. போன் போகவில்லை. மீன்துறை ஆபீசில் எழுதிக் கொடுத்தார்கள். இன்ஜின் பழுதாகியிருக்கும், வேறு கரையில் ஏறியிருப்பார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காற்று மட்டும் குறையவில்லை. சவேரியாரின் மனைவி யாகப்பம்மாள் சோறு வடித்து எடுத்துக்கொண்டு பிரெசில்லா வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ரெண்டு போட்டும் ஒண்ணாத்தான் கெடக்கும் மதினி. ஒங்க அண்ணன் ஒம் மகன விட்டுட்டு வரமாட்டாரு” என்றாள் யாகப்பம்மாள்.

பிரெசில்லா தலையை ஆட்டினாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு, கடல்பாசி எடுக்கப் போன வீரலட்சுமி அதை இழுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் குடித்து ஆள் கனம் கனத்தது. மணலில் போட்டதும் நடுவில் பச்சை தெரிந்தது.

யாகப்பம்மாள் அப்படியே உட்கார்ந்தாள். பிறகு சத்தம் வந்தது. பெண்கள் ஓடிவந்து அவளைப் பிடித்தார்கள். ஆண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

“போர்வதானே. காத்துக்குப் பறந்துருக்கும்” என்றான் ஒருவன்.

“அணியத்துக்குள்ள கட்டிக் கெடக்குறது எப்படிறா பறக்கும்?”

“அவுந்துருக்கும்.”

பெரியவர் ஒருவர் குனிந்து ஒரு மூலையில் தொங்கிய கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். நுனி பிசிறு பிசிறாகத் தெறித்திருந்தது. அவிழ்ந்த கயிறு அப்படி இருக்காது. அவர் கயிற்றைக் கீழே விட்டார்.

பிரெசில்லா நின்ற இடத்திலேயே நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் போகிற போக்கில், “ஒம் மகன் வந்துருவான் பிரெசில்லா, நீ தைரியமா இரு” என்று கையைத் தொட்டுவிட்டு யாகப்பம்மாளிடம் போனாள்.

பிரெசில்லா போர்வை அருகே உட்கார்ந்தாள். கயிறு தொங்கிய மூலையைத் தொட்டாள். கறுப்பு நூல். அடுத்தது கறுப்பு. மூன்றாவதும் கறுப்பு. நாலாவது மூலை அடியில் மடங்கி மணலுக்குள் கிடந்தது.

அதுவும் கறுப்பாக இருக்கட்டும் மாதாவே என்று கேட்டாள். என்ன கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டாள். நாலு அடி தள்ளி யாகப்பம்மாள் மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். புரட்டாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போகும். அவள் அழுவாள். ஊர் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கும். தனக்கு மகன் இருப்பான்.

“என்னத்தடி உக்காந்து பாக்குற?” என்று வீரலட்சுமி கேட்டாள்.

பிரெசில்லா மூலையை இழுத்தாள். மணல் கொட்டியது. நீலம். மூன்று முடிச்சு. பல்லால் கடித்த நுனி அப்படியே நசுங்கி இருந்தது.

எழுந்து போய் யாகப்பம்மாளின் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தினாள்.

“மதினி, அடிக்காத. எந்திரி. இது ஒங்க போட்டு இல்ல.”

“பச்சதானே மதினி. நீ தைச்சதுதானே.”

“நாந்தான் தைச்சேன். ரெண்டு தைச்சேன்.”

யாகப்பம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அழுத வாய் திறந்தபடி இருக்க அவள் முகம் மாறியது. ஒரு நொடி அதில் சந்தோஷம் வந்ததை பிரெசில்லா பார்த்தாள். பார்த்ததை யாகப்பம்மாளும் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அப்ப இன்னொண்ணு யாரு போட்டுக்கு?” என்றாள் வீரலட்சுமி.

பிரெசில்லா திரும்பி வந்து மண்டியிட்டாள். போர்வையின் ஒரு முனையை முழங்காலுக்கு அடியில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்து முறுக்கிப் பிழிய ஆரம்பித்தாள். மணலும் தண்ணீரும் வந்தன. எவ்வளவு பிழிந்தாலும் மெத்துத் துணி தண்ணீரை லேசில் விடாது. அவள் பிழிந்துகொண்டே இருந்தாள்.