கீறல் வரை

துணி உருண்டையில் குத்தியிருந்த ஆறு ஊசிகளையும் யசோதா ஒவ்வொன்றாக உருவினாள். ஆறும் ஒரே நீளம். ஒன்றின் முனையில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத அளவில் ரேடியம் இருந்தது.

கூடத்தில் அண்ணன் அழகரைக் கிடத்தியிருந்தார்கள். மலேரியா ஒன்பதே நாளில் ஆளை முடித்துவிட்டது. காலையில் அவன் அறையைச் சுத்தம் செய்த பக்கத்து வீட்டு வடிவம்மா, மேசைமேல் தக்கையில் செருகியிருந்த ஊசியை எடுத்து, மாலை கோக்கும் பெண்களிடம் கொடுத்துவிட்டாள்.

"ஊசியில என்னம்மா பேதம்? எல்லாம் அந்த உருண்டையிலதான் இருக்கு," என்றாள் வடிவம்மா.

அழகர் கண்டியில் ஒரு கல்லூரியின் ஆய்வுகூட உதவியாளன். யாருக்கும் தெரியாமல் கல்லூரி அலுமாரியிலிருந்து அந்த ஊசியை எடுத்து அவனுக்குக் கொடுத்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் வாசலில் குடையோடு நின்றார். அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு அலுமாரியைத் திறந்து பார்க்கப் போகினம், பிள்ளை. ஊசி இல்லாட்டி அழகர் களவெடுத்ததெண்டுதான் சொல்லுவினம்."

நீங்கள் கொடுத்ததைச் சொல்வீர்களா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்தி டோர்ச் லைட்டைப் போட்டாள். மேசையில் அண்ணன் செய்த மேகப்பெட்டி இருந்தது. கண்ணாடி உருளைக்குள் ஈரக்காற்று, அடியில் பித்தளைப் பிஸ்டன். அதைச் சட்டென்று இழுத்தால் காற்று குளிர்ந்து, ரேடியத்தின் துகள்கள் பாய்ந்த வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழும். எவ்வளவு இழுப்பது என்று இரண்டு மாதம் பார்த்துப் பார்த்து, பிஸ்டன் தண்டில் அரத்தால் கீறல் போட்டிருந்தான். குறைந்தால் ஒன்றும் தெரியாது. கூடினால் வெறும் பனி.

அண்ணன் செய்யப் பார்த்திருந்தபடியே, முதல் ஊசியை வைத்துக் கீறல் வரை இழுத்தாள். பனி. இரண்டாவதும் அப்படியே. ஆறுக்கும் பனிதான்.

கீறலே பிழையோ? காய்ச்சல் தொடங்கிய அன்று போட்டது. கை நடுங்கியிருக்கலாம்.

கண் எரிந்தபோதுதான் கதவிடுக்கைப் பார்த்தாள். சாம்பிராணிப் புகை. ஊசி மாற்ற மூடியைத் திறக்கும் போதெல்லாம் அது உள்ளே போயிருக்கிறது. பனி புகையைப் பிடித்துக்கொள்கிறது.

கூடத்துக்கு வந்தாள். அத்தனை பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை.

"அந்தச் சாம்பிராணிய எடுத்துருங்க."

"புள்ளைக்குப் பித்துப் புடிச்சிருச்சா? அண்ணன் தலமாட்டுல பொகை வேணாங்குது," என்றாள் வடிவம்மா.

யசோதா தலைமாட்டுக்குப் போனாள். தூபக்காலைத் தானே தூக்கி, மாஸ்டரைத் தாண்டிக்கொண்டு போய்த் தெருவில் வைத்தாள். அழுகை நின்று எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

புகை கலைய நேரம் எடுத்தது. வெளியே பாடைக்கு மூங்கில் பிளந்தார்கள். இம்முறை ஒவ்வோர் ஊசிக்கும் மூன்று தடவை இழுத்து, மிச்சப் புகை பனியோடு படியவிட்டாள். முதல் மூன்று ஊசிக்கும் உள்ளே தெளிந்த இருட்டு.

நான்காவது ஊசியின் முனையிலிருந்து ஏழெட்டு வெண்கோடுகள் விசிறிபோல விரிந்தன. எல்லாம் ஒரே நீளம். அடுத்த நொடியில் கலைந்துபோயின.

கீறல் சரியாகத்தான் இருந்தது.

"யசோதா, வாய்க்கரிசி போட வாம்மா. தூக்கப் போறாங்க."

"வர்றேன்," என்றாள். பிஸ்டனை மேலே தள்ளி, இன்னொரு தடவை இழுத்தாள்.