மொக்கம்மாள் வீட்டில் கங்கு இருக்கும்

1

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருஷம், ஆடிச் சாரலில், போடிநாயக்கனூரின் மேற்குக் கடைசியில் ஒரு தெரு முழுவதும் நெருப்பு தீர்ந்துபோயிற்று. மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அதற்கு நேர்ந்த மிகப்பெரிய அவமானம் இது. சரித்திர ஆசிரியர்கள் ஒருவரும் இதைக் குறித்துவைக்காததால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

விழுந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். போடியில் ஒரு கல்யாண மண்டபம். பாயசம் கொதிக்கிற நேரத்தில் அடுப்பு அணைந்தது. "யாருட்டயாச்சும் தீப்பெட்டி இருக்கா?" என்று சமையல்காரர் கத்தினார். பீடி குடிக்கிற பயல்கள் அத்தனை பேரும் மாமனாருக்குப் பயந்து கையை விரித்தார்கள். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் இருந்த செல்லக்கிளி அம்மாள் இடுப்புச் சுருக்குப்பையைத் தடவினார். தடவியதோடு சரி, எடுக்கவில்லை. "எவனாச்சும் ஒருத்தன் கொடுப்பான்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

அந்தத் தடவலில் பிறந்ததுதான் இந்தக் கதை. மீதியை அவர் மோர் வருவதற்குள் சொல்லி முடித்தார். முடித்தார் என்பது தவறு. அதற்குப் பிறகு வருவோம்.

(ஒரு தகவல். நான் எழுதுவது கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில். மை செலவழித்து எழுதிய வரியை அடித்துத் தூக்கியெறிய எனக்கு மனம் வராது. ஆகவே கைவிட்ட வரிகளும் இங்கேயே கிடக்கும். மிதித்துவிடாமல் வாருங்கள்.)

2

மேகத் துகில் போர்த்திய மலைமங்கை, ஏல மணம் கமழும் தன் பொற்கரங்களால் போடி நகரைத் தழுவி

(நிறுத்திவிட்டேன். மலைக்குக் கை முளைத்தால் கதை விளங்காது.)

செல்லக்கிளி ஓர் ஏழை.

(இதுவும் ஆகாது. "ஏழைன்னு எவன் சொன்னது? கெட்டிக்காரின்னு எழுது" என்று பந்தியிலேயே எச்சரித்திருந்தார்.)

கோழி கூப்பிட்டதும் செல்லக்கிளி எழுந்து அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். கங்கு இல்லை. அவள் பதறவில்லை. கங்கு இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். ராத்திரி அவள்தான் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

இந்த இடத்தில் அந்தத் தெருவின் பொருளாதாரத்தை விளக்கவேண்டும். ராத்திரி சமையல் முடிந்ததும் ஒரு காய்ந்த சாண எருவாட்டியை அடுப்பில் வைத்துச் சாம்பலால் மூடிவிட்டால், விடிய விடிய உள்ளே கங்கு கனிந்துகொண்டே இருக்கும். காலையில் ஊதினால் அடுப்பு தயார். இல்லாதவர்கள் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கங்கு வாங்கி வருவார்கள். தீப்பெட்டி எல்லா வீட்டிலும் உண்டு, பெட்டகத்தில் நகை இருப்பது மாதிரி. உரசுவதற்கு அல்ல. மாமியார்கள் காலத்தில் தேவாரம் ஊரிலிருந்து அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி தினமும் காலையில் ஒரு குச்சி உரசினாள். அவள் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. 'உரசுறவ' என்றால் தெரியும்.

அந்திக்கருக்கலில் பெண்கள் கொட்டாங்கச்சியில் கங்கை ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வீடு போவது, தெருவில் நட்சத்திரங்கள் நடமாடுவது போல

(என் மனம் இளகுகிறது. இளகட்டும். ஆனால் நட்சத்திரம் வேண்டாம். புகைதான் அதிகம் இருந்தது. ஈர எருவாட்டிப் புகை. அதை இன்று நினைத்தாலும் எனக்குக் கண்ணில் நீர் வருகிறது. சின்ன வயதில் எங்கள் தெருவிலும் அதற்காகத்தான் வந்தது.)

இந்த ஏற்பாட்டில் செல்லக்கிளி ஒரு நுட்பத்தைக் கண்டுபிடித்தாள். எதிர்வீட்டு மொக்கம்மாள் எப்படியும் ராத்திரி கங்கு மூடிவைப்பாள். அப்படியிருக்க நம் வீட்டில் எதற்கு ஓர் எருவாட்டி வீணாக வேகவேண்டும்? அணைத்துவிட்டாள். ரொம்ப நாளாகவே அணைத்துவந்தாள்.

ஆனால் அன்று மட்டும் அவசரம் இருந்தது. புருஷன் சுருளிவேல் ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிற நாள். பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பேர். அங்கே ராப்பகலாக விறகு போட்டுச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இன்று வந்து சேர்ந்தால் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று மேஸ்திரி சொல்லிவிட்டிருந்தார். கிடைக்காவிட்டால் மழையில் காய் பறிக்கத்தான் போகவேண்டும். போன வருஷம் பறிக்கப்போய் அட்டை கடித்த கால், புண்ணாகி, தீபாவளி வரை ஆறவில்லை. மருந்து கட்டியவள் செல்லக்கிளி.

லாரி விடிந்ததும் வந்து, தெருமுனையில் ஹார்ன் அடித்து ஆள் ஏற்றும். தோட்டத்தில் அரிசி கொடுக்கச் சனிக்கிழமை ஆகும். கடை கிடையாது. அதுவரைக்கும் கெடாமல் இருக்கப் புளிச்சோறு கட்டிக் கொடுக்கவேண்டும். வயிற்றுக்கு இல்லாமல் போய் விறகு தூக்கமுடியாது. சோற்றுக்காக நின்றால் லாரி போய்விடும்.

செல்லக்கிளி தலைக்குச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கொட்டாங்கச்சியோடு சாரலில் இறங்கினாள்.

3

மொக்கம்மாள் வாசலிலேயே நின்றாள். அவள் கையிலும் ஒரு கொட்டாங்கச்சி.

"மதினி, வெரசா ஒரு கங்கு கொண்டாங்க. அவுகளுக்குக் கட்டுச்சோறு கட்டணும்."

"நல்லா வந்த போ! நானே ஒன் வீட்டுக்குத்தான் கெளம்பிட்டேன்."

"எங்க வீட்டுக்கா? ஒங்க வீட்ல கங்கு இருக்கும்னுல்ல நான் அணைச்சேன்!"

"இந்தச் சாரல்ல அதுக்கு ஒரு எருவாட்டிய வேற நான் தெண்டம் அழுகணுமாக்கும்? கடைசி வீட்டு இருளாயி வச்சிருப்பா. வா."

இருளாயி வீட்டுக் கதவு, தட்டுவதற்கு முன்பே திறந்தது. "ஒங்க ரெண்டு வீட்ல எதுல புகை வருதுன்னுதான் ஆத்தா நான் ஓட்டப் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் தெருவே நடுத்தெருவில் நின்றது. எல்லார் கையிலும் கொட்டாங்கச்சி. எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர்.

"ஏண்டி இருளாயி, ஒன் வீட்ல தீப்பெட்டி இல்லையா?" என்றாள் மொக்கம்மாள்.

"இல்லாம என்ன? பெட்டி இருக்கு. எங்கன வச்சேன்னுதான் தெரியல. ஒன்னுது?"

"என்னுது ஒங்க அண்ணன் இடுப்புல இருக்கு. அவரு சிலமலைக்குப் போயிருக்காரு."

"சிலமலைக்குப் போனவரு ஒங்க வீட்டுக்குள்ள இருமுறாரே, எப்படி மதினி?"

உள்ளே இருமல் நின்றது.

(வாசகர்கள் இதற்குள் சில ஓட்டைகளைக் கண்டுபிடித்திருப்பார்கள். சுருளிவேல் பீடி குடிக்கமாட்டானா? குடிப்பான். பெட்டிக்கடையில் புகைந்தபடி தொங்கும் கயிற்றில் பற்றவைப்பான். அந்நேரம் கடை திறக்கவில்லை. கயிறும் நனைந்திருந்தது. அம்மன் கோயில் விளக்கு? அம்மனும் அந்தத் தெருக்காரிதான், விளக்கு வெள்ளிக்கிழமை மட்டும். அடுத்த தெரு? அங்கே போய்த் தீ கேட்பதா! மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.)

4

சுருளிவேலைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் காலத்துப் புருஷன் இந்நேரம் குதித்திருக்கவேண்டும். "ஒரு குச்சிய உரசித் தொலைடி!" என்று அவனைக் கத்தவைத்து ஒரு பத்திரிகை முழுக்க எழுதினேன். (சௌபாக்கியவதி யாரோ ஒருத்தியின் கல்யாணம் அதில் வீணாயிற்று.) ஆனால் செல்லக்கிளி சொன்ன சுருளிவேல் அப்படி இல்லை. நனைந்து வந்தவளிடம் துண்டை நீட்டினான்.

"விடு கிளி. பச்சத்தண்ணியக் குடிச்சுட்டுப் போறேன். சனிக்கிழம என்ன, இந்தா வந்துரும்."

"வெறும் வயித்தோட வெறகு தூக்குவீங்களோ?"

"அதுக்காக உரசாத. நீ உரசுனா நாளைக்கும் ஒன்கிட்டத்தான் வருவாளுக. ஒனக்குத்தான் பேரு கெட்டுப்போகும்."

மனைவியின் பெயரைக் காப்பாற்றப் பட்டினி கிடக்கத் தயாரான அந்தக் கணவனின் தியாகம், இமயத்தின் சிகரத்தையும்

(வேண்டாம். அவன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான். அதுதான் அவளைக் கொன்றது.)

5

செல்லக்கிளி கதவைச் சாத்தினாள். இடுக்கில் சாக்கைத் திணித்தாள். பானைக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்தாள். ஒன்று இரண்டாகட்டும் என்று பிளேடால் வகுந்துவைத்த குச்சிகள். முழுக்குச்சி ஒன்றே ஒன்று மிச்சம்.

வகுந்த குச்சியை உரசினாள். ஒடிந்தது. இன்னொன்று. மருந்து மாவாக உதிர்ந்தது. சாரல் அதற்குள்ளும் போயிருந்தது. பத்திரப்படுத்திப் பத்திரப்படுத்தியே நமுத்துப்போக விட்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சர்... சர்... அவளுடையது இல்லை. மொக்கம்மாள் வீட்டுப் பக்கமிருந்து. பிறகு இருளாயி வீட்டிலிருந்து. பிறகு தெரு நெடுக. சாத்திய கதவுகளுக்குப் பின்னால், ஒரு தெருவே திருட்டுத்தனமாக உரசிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டிலும் பற்றவில்லை.

சுருளிவேல் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. செல்லக்கிளிக்கும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

மிச்சமிருந்த முழுக்குச்சியை எடுத்து, தலைமுடிக்குள் விட்டுப் பரபரவென்று தேய்த்தாள். எண்ணெயிலும் மிச்சம் பிடித்த தலை; சாக்குக்குள் நனையாமல் காய்ந்த வைக்கோலாக இருந்தது. குச்சி சூடேறியது. உரசினாள்.

பற்றியது. சுள்ளி பிடித்தது. உலை ஏறியது. ஓட்டின்மேல் புகை கிளம்பியது.

கதவு தட்டப்பட்டது.

"கிளி, ஓ கிளி! ஒங்க வீட்ல கங்கு இருக்காமே?" மொக்கம்மாளின் குரல். பின்னால் தெரு மொத்தமும் நிற்கிற சலசலப்பு.

இப்போதுதான் பிடித்த தீ. கனிந்திருந்தது ஒரு பிடிக் கங்குதான். ஆளுக்கொன்று எடுத்தால் அடுப்பு செத்துப்போகும், உலை ஆறிப்போகும். கதவைத் திறக்காவிட்டால் அந்தத் தெருவில் அப்புறம் குடியிருக்க முடியாது. லாரி எந்த நிமிஷமும் ஹார்ன் அடிக்கும்.

6

பத்திரிகையில் இடம் தீர்ந்துவருகிறது. முடிவுகள் சிலவற்றை வைக்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவள் கதவைத் திறக்கிறாள். தெருவே கண்ணீர் மல்க ஆளுக்கொரு சுள்ளி கொண்டுவந்து போட்டு, சோறு பொங்கி முடிகிறது. (ஆண்டுமலர்களுக்கு ஏற்றது. அந்தத் தெருவில் சுள்ளியை யாரும் சும்மா தரமாட்டார்கள்.)

அவள் திறக்கவில்லை. சுருளிவேல் சுடச்சுடப் புளிச்சோறோடு பின்பக்கச் சுவரேறிக் குதித்துப் போய், மலையில் ஸ்டோர் அடுப்பின் முன் உட்கார்கிறான். அங்கே ஒரு வீடளவு நெருப்பு. தெருவை நினைத்துக்கொள்கிறான். (எனக்கு இதுதான் பிடிக்கும். கொஞ்சம் அழுதுகூடப் பார்த்தேன்.)

அல்லது, மொக்கம்மாளுக்கு மட்டும் ஒரு கங்கு கொடுத்து, "மத்தவுகளுக்கு நீங்க குடுங்க மதினி" என்று கதவைச் சாத்துகிறாள்.

எது நடந்தது என்று செல்லக்கிளி அம்மாளிடமே கேட்டேன். யாரோ ஒரு மாப்பிள்ளைத் தோழன் அதற்குள் தீப்பெட்டி கொடுத்துவிட்டிருந்தான். "பாயசம் வந்துருச்சுப்பு, குடி" என்றார்.

முடிவு உங்கள் கையில். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். நடந்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: பெட்ரோலை மிச்சம் பிடிக்க லாரி முதலாளி இரண்டு நாள் நடையை மறுநாள் ஒரே நடையாக்கிவிட்டதால், அன்றைக்கு லாரி வரவில்லை.