அம்சவேணி ஓடின சந்து

1

இந்தக் கதைக்கு விதை கார்த்திகேசனின் நோட்டு என்று எழுதத்தான் ஆசை. விதை என் வாய்.

பர்மாவில், எங்கள் பசுந்தாங் பேட்டைச் சந்துகளுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர்களை அவன் தொகுத்தான். தெருப்பலகையில் பர்மியப் பெயர் இருக்கும். நமக்கு அது ரெட்டைக்குழாய் முக்கு, பல் டாக்டர் மாடி. எல்லாவற்றையும் வரைபடமாக்கிக் கோயில் மண்டபத்தில் மாட்டவேண்டும். அவனுக்கு ஒரு சட்டம்: மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் பெயர் ஏறும்.

2

(முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அதிகாலைப் பனியில் ஒரு பெண், கையில் மூட்டையோடு...' அடித்துவிட்டேன். பனியா மழையா என்றே எனக்குத் தெரியாது.)

தெரிந்தது இவ்வளவுதான்: முப்பது வருடத்துக்கு முன், எதிர்வீட்டு அம்சவேணியைத் திடீரென்று காணோம். அவள் அப்பா வாய் திறக்கவில்லை. திறக்காவிட்டால் நாம் விடுவோமா? இன்சீன் ரயில்வே பட்டறையில் ஒரு ஃபிட்டரை என் வாயாலேயே பிடித்து அவளோடு சேர்த்தேன். அவனுக்கு மீசை வைத்தது பக்கத்து வீட்டு சொர்ணம்மாள். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

ஒரு வருடம் கழித்து அவள் தனியாகத் திரும்பினாள். அதற்குள் சந்துக்கு 'அம்சவேணி ஓடின சந்து' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

3

போன வாரம் வரைபடம் மாட்டினார்கள். அம்சவேணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"தம்பி, இத எடுத்துடு" என்றாள் கார்த்திகேசனிடம்.

"எப்படி எடுக்க, டோ அம்சவேணி?" (வயதான பெண்களுக்கு இங்கே 'டோ' போடுவது மரியாதை.) "மூணு பேரு சொல்லியிருக்காங்களே."

"யாரு அந்த மூணு பேரு?"

சொர்ணம்மாள், தெருமுனை அய்யாசாமி, நான்.*

"அத்தை வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னோமே, அந்தத் தங்கச்சிக்கு டீ.பி. இன்சீன்ல வீடு எடுத்து நான்தான் கூட இருந்து பாத்தேன். வெளிய தெரிஞ்சா பொண்ணுங்களுக்கு வரன் வராதுன்னு அப்பா மறைச்சாரு" என்றாள். "அவளுக்கு வந்துச்சு. எனக்குத்தான் வரல."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சத்யபாமாக்கா, நான் ஓடினத நீங்க பாத்தீங்களா?"

* மற்ற இருவருக்கும் சொன்னது நானேதான். கார்த்திகேசன் அதை மட்டும் கேட்கவில்லை.

4

'இல்லை அம்சா, நான் பார்க்கவில்லை' என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு... இது நான் எழுதிப் பார்த்த முடிவு. நன்றாகத்தான் இருக்கிறது.

நடந்தது வேறு.

"எல்லாரும் சொன்னாங்களே, அம்சா" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். தெருவில் ஊர் வம்பையே பேசித் தீர்த்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மண்டபம் காலையில் திறந்திருக்கும். கார்த்திகேசன் எட்டு மணிக்கு வருவான். நீங்கள் மூன்று பேராவது போய், அவள் ஓடவில்லை என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், தயவுசெய்து என் பெயரைக் கொடுங்கள்.