சந்தியில் ஒட்டிய கண்ணகை

நாவலைப் படிப்பித்து முடித்த கையோடு, திவாகரன் சேர் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"இந்தக் கதையப் படமா எடுத்தா போஸ்டர் எப்படியிருக்கும்? ஆளுக்கொண்டு செஞ்சு கொண்டு வாங்க."

மணியடித்தும் அந்த வகுப்பு எழும்பாமல் இருந்தது அன்றைக்குத்தான். படித்த நாவலின் பெயர் 'தோணிக்காரி'. வாவியில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்த ஒரு பெண்ணின் கதை. ஒருநாள் தோணியோடு போனவள் திரும்பி வரவில்லை. இருக்கிறாளா இல்லையா என்று எழுதியவர் கடைசிப் பக்கம் வரைக்கும் வாய் திறக்கவேயில்லை.

முதலாவதாகக் கொண்டு வந்தவன் தனோஜன். இரத்தம் சொட்டும் வாளோடு ஓர் ஆம்பிளை, அவனுக்குப் பின்னால் எரிகிற ஜீப்.

"நாவல்ல எங்கடா வாள்?"

"வாள் இல்லாட்டி ஆரு சேர் படம் பாக்க வருவான்?"

"சரி, தோணிக்காரி எங்க?"

"அவ இடைவேளைக்குப் பிறகு வருவா, சேர்."

சிரிப்பு அடங்கிய பிறகு சேர் சொன்னார்: "முகம் வேணும் பிள்ளையள். அந்த முகத்தைக் கண்டா, இந்த மனுசிக்கு என்ன நடந்ததெண்டு நிண்டு கேக்கணும் போல இருக்கணும்."

அப்படியொரு முகத்தைத் தக்ஷாயினி தேடித் திரிய வேண்டியிருக்கவில்லை. முதல் பக்கத்தை வாசித்தபோதே தோணிக்காரிக்கு அவளுடைய அம்மா கண்ணகையின் முகம் வந்துவிட்டது. கண்ணகை வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். ஒப்பந்தம் முடிந்தும் வந்து சேராதவள். அவளுடைய பாஸ்போட் மேடத்தின் அலுமாரிக்குள். மேடம் வெளியே போனால் வாசற்கதவைப் பூட்டிக்கொண்டுதான் போவாள். போனும் பறித்தாயிற்று. அடுத்த வீட்டில் வேலை செய்யும் ஏறாவூர்ப் பிள்ளை இர்ஷானா மதிலுக்கு மேலால் தன் போனை நீட்டினால்தான் கண்ணகையின் குரல் ஆரையம்பதிக்கு வரும். அந்தக் குரலும் வந்து மாதக்கணக்காகி விட்டது.

போவதற்கு முன்பு எடுத்த படம் ஒன்று தக்ஷாயினியிடம் இருந்தது. அப்பாவின் தோணியில் ஏறி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் கம்போடு அம்மா நிற்கிறாள். சிரிக்கப் போகிறாளா, அழப் போகிறாளா என்று சொல்ல முடியாது. அந்தப் படத்தை அவள் காத்தான்குடியில் இருக்கும் நிஸ்தார் நானாவின் அச்சுக் கடைக்கு அனுப்பினாள். மேலே 'தோணிக்காரி' என்று பெரிய எழுத்து, கீழே 'அவள் இன்னும் வரவில்லை' என்று ஒரு வரி. இது பள்ளிக்கூட வேலை, ஒன்றே ஒன்று போதும் என்று குரல் பதிவும் போட்டுவிட்டாள்.

நிஸ்தார் குரல் பதிவைக் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, கண்ணுகளே. சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் கிராமங்களில் யார் கண்ணை மூடினாலும் கண்ணீர் அஞ்சலி அடிப்பது அவருடைய கடையில்தான். ஒரு முகம், ஒரு பட்டப்பெயர், துக்கமாக ஒரு வரி. அவருக்கு வருகிற ஓடர் எல்லாம் இப்படித்தான் வரும். எங்கள் பக்கத்தில் சொந்தப் பெயரைப் போட்டால் செத்தது யாரென்று ஒருவருக்கும் விளங்காது, பட்டப்பெயரைத்தான் பெரிதாகப் போட வேண்டும். ஒட்டுகிற ஆள் படத்தைப் பார்த்துவிட்டு, "இது வினாயகமூர்த்தியண்ணர்ட பொஞ்சாதி கண்ணகையெல்லா? வெளிநாட்டுல இருந்தவ" என்றான். நிஸ்தாரின் மனம் இளகிவிட்டது. முழுப்பெயரையும் தேடிப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, முகத்தைச் சுற்றிப் பூவளையமும் இட்டார். மவுத்து வேலையை, அதாவது சாவு வேலையை, நாளைக்கு என்று வைக்கப்படாது என்பது அவருடைய கொள்கை. விடிவதற்குள் சந்தியெங்கும் ஒட்டியாயிற்று.

முதலில் கண்டது வினாயகமூர்த்திதான். வாவியிலிருந்து வலையும் மீனுமாக வந்த மனிதர், சந்தியில் தன் மனைவி இரண்டு விளக்குக்கு நடுவே நிற்கிறதைப் பார்த்தார். வலையை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். தக்ஷாயினி அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மனே... அம்மா..." என்று மகளின் கையைப் பிடித்தார்.

அவருக்குப் பின்னாலேயே எதிர்வீட்டு மாமி தலையை விரித்துக்கொண்டு, "என்ட மச்சாளே, என்னை விட்டுட்டுப் போனியேகா" என்று மாரடித்தபடி வந்தாள். அவள் கையிலிருந்த போனில் அந்தப் படம் கிடந்தது. தக்ஷாயினி அதை வாங்கிப் பார்த்தாள்.

"மாமி, இது என்ட போஸ்டர்."

"என்னகா சொல்றாய்?"

"ஸ்கூலுக்குச் செஞ்சது. படத்துக்கு."

"என்ன படத்துக்கு?"

"இல்லாத படத்துக்கு."

மாமி அழுகையைப் பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். பிறகு தொடங்கினாள் பாருங்கள். "அடிப்பாவி! உசிரோட இருக்கிறவளுக்கு ரெண்டு பக்கமும் விளக்கு வச்சிட்டியேகா! பெத்த தாய்க்கு இப்பிடியொரு சகுனத்தை ஆரும் தேடி வைப்பாளா? படிக்கப் போறாளாம் படிக்க!"

வினாயகமூர்த்தி மாமியைத் தாண்டி அடுப்படிக்குள் போனார். மீன் வெட்டுகிற கத்தியையும் ஒரு வாளி தண்ணீரையும் எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனார். முகம் கிழியாதபடி ஒவ்வொன்றாக நனைத்து நனைத்துச் சுரண்டி எடுத்தார். பின்னேரம் திவாகரன் சேர் வந்து வாசல் படலையடியில் நின்று, "என்ட பிழைதான்" என்றார். "உங்கட பிழையில்ல சேர். முகம் வேணும் எண்டீங்க, புள்ள குடுத்திருக்காள்" என்று வினாயகமூர்த்தி அவரை அனுப்பிவைத்தார்.

ஆனால் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் "அம்மா இருக்கா, அம்மா இருக்கா" என்று சொல்லச் சொல்ல, தக்ஷாயினிக்கே அதில் நம்பிக்கை தேய்ந்தது. இருக்கிறாள் என்று அவளுக்கு யார் சொன்னது? கடைசியாகக் குரல் கேட்டது எப்போது?

போனில் போன படம் கடல் தாண்டியும் போயிருந்தது. வெள்ளிக்கிழமை, மேடம் வெளியே போன நேரம் பார்த்து இர்ஷானா மதிலுக்கு மேலால் போனை நீட்டினாள்.

"நான் செத்திட்டனாம், மெய்யா மனே?"

அம்மாவின் குரல்தான். கிசுகிசுத்தாள், அதற்குள்ளும் சிரித்தாள். தக்ஷாயினி அழுத அழுகையில் அந்தச் சிரிப்பு பாதி கேட்கவில்லை.

"அழாதகா, நேரமில்ல. நான் சொல்றதைக் கேளு. இஞ்ச கெஞ்சினாலும் விடமாட்டாங்க, கிடந்து கத்தினாலும் விடமாட்டாங்க. மவுத்துக்கு மட்டும் விடுறாங்க. முன்வீட்டில வேலை செஞ்ச புள்ளைய, தாய் மவுத்து எண்டு போஸ்டரைக் காட்டினவுடன அனுப்பிட்டாங்க. நீ அதே கடையில ஒண்டு அடி."

"ஆர்ர படத்தைப் போட்டு?"

"அப்பாட."

மறுமொழி சொல்வதற்குள் அங்கே வாகனச் சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்தது.

இதைப் போய் எப்படிக் கேட்பது? ஒருத்தருக்கு விளக்கு வைத்ததற்கே ஊர் இன்னும் திட்டி முடிக்கவில்லை. சொல்லாமல் விட்டால் அம்மா அந்தக் கதவுக்குள்ளேயே கிடப்பாள். சொன்னால், பிறகு ஒருநாள் அப்பா வாவிக்குப் போய்ப் பிந்தி வந்தாலும் இவளுக்கு நெஞ்சு வெடிக்கும். இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை. அடுப்படியில் சோற்றை மறந்து குந்தியிருந்தவள், சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழும்பி, வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

வினாயகமூர்த்தி ஊசியை நிறுத்தினார்.

"எந்தப் படத்தைப் போடப் போறாய்?"

"அப்பா..."

"ஐடென்டிகாட் படத்தைப் போட்டிராத. அதுல ஏற்கெனவே செத்தவன் மாதிரித்தான் கிடக்கன்."

மறுநாள் கடையில் அவளைக் கண்டதும் நிஸ்தார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "தங்கச்சி, மன்னிச்சுக்கங்க. இந்த முறை படமா, மவுத்தா, முதல்ல அதைச் சொல்லுங்க."

"மவுத்து, நானா. ஆனா ஆள் வீட்டுல வலை பொத்திட்டிருக்கார்."

கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கணினிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். "எங்கட ராத்தாவும் அங்க இப்பிடித்தான் கிடந்தவ. எங்களுக்கு இந்தப் புத்தி வரல்ல" என்று தன் அக்காவை நினைத்துச் சொன்னார். முதல் தடவை விளங்காமல் வைத்த விளக்கை, இந்தத் தடவை அளந்து வைத்தார்.

படம் போய்ச் சேர்ந்தது. ஆனால் மேடம் சும்மா நம்பவில்லை. கண்ணகையை அனுப்பிய ஏஜென்சிக்காரரிடம் விசாரிக்கச் சொல்லிவிட்டாள். அவர் இருப்பது இரண்டு தெரு தள்ளி, இந்தப் பாதையால்தான் போவதும் வருவதும். அவர் வருகிற செய்தி தனோஜன் மூலம் முந்திக்கொண்டு வந்தது. வினாயகமூர்த்தி பின்னறைக்குள் போனார். வேலியோடு வெள்ளைக்கொடி கட்டினார்கள். படலையில் போஸ்டரை ஒட்டினார்கள். சகுனம் சொல்லித் திட்டிய மாமி வரவில்லை. அவளிடம் கேட்கத் தக்ஷாயினிக்கு முகமிருக்கவில்லை.

ஏஜென்சிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தையில் இருந்தார்.

"எப்பிடி நடந்தது, தங்கச்சி?"

"வாவியில... தோணி கவிண்டு."

சொல்லிவிட்டாள். சொன்ன வாய் கசந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அடக்கம்?"

"முடிஞ்சுது."

"அப்ப மரணப் பத்திரம் எடுத்திருப்பீங்களே. காட்டுங்க, ஒரு படம் எடுக்க."

தக்ஷாயினி பத்திரம் எடுக்கப் போகிறவள்போல எழும்பினாள். அறைக்குள்ளே கட்டில் கிரீச்சென்றது. ஏஜென்சிக்காரர் தலையை நிமிர்த்தி அறைப் பக்கம் பார்த்தார்.

அந்த நேரம் படலையைத் தள்ளிக்கொண்டு ஓர் ஓலம் வந்தது. எதிர்வீட்டு மாமி! தலைவிரி கோலமாக வந்து, அறைக் கதவுக்கு முன்னால் குறுக்கே விழுந்தாள்.

"இறாலள்ளி ஊருக்கெல்லாம்
ஈந்த கையே, என்ட அண்ணே!
தாளம்மீன் காவல் காக்க
தண்ணிக்குள்ள படுத்தியளோ!"

அவளுக்குப் பின்னால் தெருவிலுள்ள பெண்கள் எல்லாம் வந்து சுற்றி வளைத்து இருந்துவிட்டார்கள். ஒருத்தருக்கும் ஓர் இறால் சும்மா கொடுத்தறியாத மனிதருக்கு அன்றைக்குக் கிடைத்த புகழைச் சொல்ல வாய் போதாது. "பத்திரத் துண்டு கேக்கிறானே, துடிக்கிற புள்ளைக்கிட்ட" என்று மாமி ஒப்பாரிக்குள்ளேயே ஏஜென்சிக்காரரையும் சேர்த்துக்கொண்டாள். மனிதர் கூசிப்போய் எழும்பினார். கொடியையும் போஸ்டரையும் பெண்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, "நான் அறிவிக்கிறன்" என்று போய்விட்டார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்த பிறகும் மாமி எழும்பவில்லை. "அந்தச் சகுனத்துக்கு இந்தச் சகுனம் சரி. போ, உள்ளுக்க இருக்கிறவருக்கு ஒரு தேத்தண்ணி ஊத்து" என்று படுத்தபடியே சொன்னாள்.

இர்ஷானாவிடமிருந்து செய்தி வந்தது. மேடம் ஓம் என்றுவிட்டாள். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முன்னம் கண்ணகையை விமானம் ஏற்றுவாளாம். அவள் வந்து இறங்கும் வரைக்கும் வினாயகமூர்த்தி செத்தவர்தான், வெளியில் தலைகாட்ட முடியாது. இந்த நேரம் பார்த்து, வாவிக்கும் கடலுக்கும் நடுவே முகத்துவாரத்தை அடைத்திருந்த மணலை வெட்டிவிட்டார்கள். வாவித் தண்ணீர் கடலுக்கு இழுத்தது. இறால் ஓடத் தொடங்கியது, வலைக்காரருக்கு இதுதான் அறுவடைக் காலம்.

இறால் ஓடிய முதல் நாள் தக்ஷாயினி தேத்தண்ணி கொண்டுபோனபோது அவர் பின்ஜன்னலோடு நின்றார். இடுப்புச் சாரமெல்லாம் வியர்வை.

"அது ஆர்ர தோணி?"

"தனோஜன்ட அப்பாட."

"அங்கால போறது?"

"தெரியல்லப்பா. நாலஞ்சு தோணி போகுது."

"கோப்பையை வச்சிட்டு அந்த ஜன்னலைச் சாத்து மனே" என்றார் வினாயகமூர்த்தி. "பாத்துக்கொண்டு உள்ளுக்க இருக்க ஏலாது."