இரண்டாவது சாவி

கம்பெனியில் அவளுக்குச் சாவிக்கொத்து என்று பட்டப்பெயர். கையில் ஒரு சாவியும் கிடையாது. சர்வர்களின் பாஸ்வேர்டு அத்தனையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தன. கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை அடித்தால் வேண்டியது வெளியே வரும். அவள் அடித்தால் மட்டும் வரும். அதுதான் வினை. எந்த நேரத்தில் சர்வர் படுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்; குளிக்கப் போனாலும் போனைக் கூடவே எடுத்துப்போகிற பிழைப்பு.

கணவனும் மகளும் வேறு ஊரில். மகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனதைக்கூட அவள் போனில்தான் பார்த்தாள். ராஜினாமா கொடுத்து மாதக்கணக்காகிறது. மேனேஜர் பாடியதையே பாடினார்: "பெட்டகத்தைத் திறக்க இன்னொரு ஆளைக் காட்டு, அன்னிக்கே உன்னை விட்டுடறேம்மா."

யாரைக் கேட்டாலும் கழுவுற மீனில் நழுவுற மீன். கடைசியில் பக்கத்து மேசைக்காரனைக் கேட்டாள்.

"அக்கா, வீட்ல நிறைமாசம். இந்தப் புலிவாலை எங்கையில குடுத்துடாதீங்க."

"எனக்கும் குழந்தை இருக்குடா."

"தெரியும்க்கா. ஆனா வேணாம்க்கா."

அவள் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் பெட்டகத்தில் ஒருவரைச் சேர்க்க அவருடைய சம்மதம் தேவையில்லை. வேலைக்குச் சேரும்போதே ஒவ்வொருவரும் தன் பூட்டு ஒன்றைப் பொதுவில் கொடுத்துவைப்பது அங்கே வழக்கம். அந்தப் பூட்டைப் பெட்டகத்தில் போட்டுவிட்டால் போதும், அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கும் சாவிக்குத் திறந்துகொள்ளும். அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த மனிதர் அவளையும் இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் மாட்டிவிட்டுப் போனார். அவரை அவள் திட்டாத நாளில்லை.

மத்தியானம் அவன் சாப்பிடப் போயிருந்தபோது மகள் கூப்பிட்டாள். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மா பெயரைக் கேட்டார்களாம்; மறந்துபோய் அத்தை பெயரைச் சொல்லிவிட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

போனை வைத்தவள் கட்டளையை அடித்தாள். தன் பெயர், பக்கத்தில் அவன் பெயர். பாஸ்வேர்டுகள் ஒவ்வொன்றாக மறுபடி பூட்டிக்கொண்டு திரையில் ஓடின.

சாயங்காலம் மேனேஜரை அழைத்துவந்தாள். அவர் அவனைத் திறந்துகாட்டச் சொன்னார்.

"எனக்கெங்க சார் திறக்கும்?" என்று சிரித்துக்கொண்டேதான் அடித்தான். திறந்தது.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்து, நன்றாகத் தெரிந்த பிறகுதான் அதை அவனுக்குக் கொடுத்திருந்தாள். வெட்கத்தில் அவள் முகம் சுருங்கிப்போனது.

"போறவ பேரு எதுக்கு? எடுத்துடும்மா," என்றார் மேனேஜர், அவள் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டபடி. எடுத்தாள். அவன் பெயர் மட்டும் மிஞ்சியது.

படி இறங்கும்போது மேலே ஒரு போன் அடித்தது. பழக்கதோஷத்தில் அவள் கை பைக்குள் போனது. அவளுடையது இல்லை.

"சொல்லுங்க சார்," என்ற அவன் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்டது.