அசல்தான் என்றாள் ஜாஸ்மின்

ராஜபாளையத்தில் சௌந்தரபாண்டியன் நடத்திவந்த பழங்காசுக் கடையில், விளம்பர வீடியோக்களுக்குக் குரல் கொடுப்பதும் போன் எடுப்பதும் ஜாஸ்மினின் வேலை. "நாயக்கர் காலத்துப் பொற்காசு. பழைய செப்புக் காசு கொடுத்தும் மாற்றிக்கொள்ளலாம்" என்று அவள் குரல் சொல்லும். வீடியோ முடிகிற நொடியில் 'நகல்' என்ற சொல் பொடி எழுத்தில் வந்து மறையும். அதை வாசிக்க வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

தேவதானத்திலிருந்து காமராஜ் என்ற விவசாயி அடிக்கடி கூப்பிடுவார். பழைய பாத்திரக் கடைகளில் கிளறிக் கிளறிச் செப்புக் காசுகள் சேர்த்தவர். அத்தனையையும் கொடுத்து அந்த ஒரு காசை வாங்க அவருக்கு ஆசை.

"அசல்தானம்மா?"

மற்றவர்களிடம் "பாத்தாலே தெரியும்யா" என்று மழுப்பிவிடுவாள். அன்று முதலாளி எதிரே உட்கார்ந்து, அசல் என்று சொல்லச் சொல்லிச் சைகை காட்டினார்.

"அசல்தான்யா" என்றாள்.

காமராஜ் தன் செப்புக் காசுகளை அனுப்பி, பொற்காசை வாங்கிக்கொண்டார். அவை கடைக்கு வந்த வாரமே பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விலைபோயின.

சில மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் நாணயக் கண்காட்சி நடந்தது. முதலாளியும் மேசை போட்டிருந்தார். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று யாரிடமோ ஜாஸ்மின் கேட்டதும், பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பினார்.

"ஏம்மா, போன்ல பேசுத பிள்ளதான நீ? நான் தேவதானம் காமராஜ். செத்த நேரம் வா, என் காச எப்படி வச்சிருக்கேன்னு பாரு."

கூட்டிக்கொண்டு போனார். சிவப்பு வெல்வெட்டில் தனியாக இருந்தது அந்தக் காசு. நாணயச் சங்கத்தின் செயலாளர் பிச்சை முகம்மது அதை எடுத்து விளிம்பைத் தடவினார்.

"அண்ணாச்சி, இது அச்சுல ஊத்துனது. சுத்தி ஒட்டுக்கோடு தெரியுது பாருங்க. நகலு."

காமராஜ் சிரித்தார். "இந்தப் பிள்ளகிட்டயே கேளுங்க. அவதான் சொன்னா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முதலாளியும் எதிர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகல்னு வீடியோவுல போட்டிருக்கோம்யா" என்றாள்.

காமராஜ் காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, வெல்வெட்டையும் மடித்து எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

"லைசென்சு இல்லாம யாரு வேணும்னாலும் காசு விக்கலாம்னு விட்டா இப்படித்தான்" என்று பிச்சை முகம்மது முணுமுணுத்தது அவளுக்கும் கேட்டது.

அதன்பிறகு போன் மணி அடித்தால் அவள் எடுக்காமல் அடிக்க விட்டாள். தன் குரல் ஓடும் வீடியோவைக் கேட்க முடியவில்லை. ஒரு நாள் சொல்லிக்கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டு, தேவதானத்துக்குப் பஸ் ஏறினாள்.

காமராஜ் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"அசல்னு சொன்னது நான்தான்யா. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் மழுப்புனதும் நான்தான்."

"இத கோர்ட்ல சொல்லுவியா?"

"சொல்லுதேன்."

காமராஜ் போட்ட நுகர்வோர் வழக்கில் அவள் சாட்சி சொன்னாள். முதலாளியின் வக்கீல், "பொய் சொன்னது நீங்களா, அவரா?" என்று கேட்டார். "சொல்லச் சொன்னது அவர். சொன்னது நான்" என்றாள். தீர்ப்பு காமராஜுக்குச் சாதகமாக வந்தது. நட்ட ஈடு தர வேண்டும். கடையில் விற்கும் ஒவ்வொரு நகலிலும் அந்தச் சொல்லைப் பொறிக்க வேண்டும். விளம்பரத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெங்களூர் போன செப்புக் காசுகள் மட்டும் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஜாஸ்மின் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மறுபடியும் காசு சேப்பீங்களாய்யா?"

"பாத்திரக் கடைக்குப் போனேன் தாயி. நல்ல காசுதான் கெடந்துச்சு. கையில எடுத்தா இதுவும் பொய்யோன்னு தோணுது. போட்டுட்டு வந்துட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. பஸ் ஸ்டாண்டு வரை அவருக்குச் சற்றுப் பின்னால், கூடவே நடந்தாள்.