இரண்டாவது பிரேக்

ஒரு நொடி முந்தி மிதித்திருந்தால் போதும் என்று நினைத்தாள். உடனே தன்னையே திருத்திக்கொண்டாள். நொடி என்ன நொடி? இரண்டு வருஷத்துக்கு முன்பே அந்தக் கார்ச் சாவியைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். அதற்குத் துப்பில்லாமல் இப்போது நொடிக்காக மாய்ந்து போவானேன்?

மேஜைக்கு அந்தப்புறம் வக்கீல் எதையோ படித்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த மகனோடு ஒன்றாகப் படித்தவர். அவள் பக்கத்தில் கணவர் சட்டைப் பித்தான்களைத் துளை மாற்றிப் போட்டு, இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

"நானே வாத்தியார்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டு டெஸ்ட்ல மூணு தடவை கோட்டை விட்டவன்" என்றார் வக்கீல், அவளைச் சிரிக்க வைக்க.

"நாலு" என்றார் கணவர், ஜன்னலைப் பார்த்தபடி.

மகன்கூடச் சிரித்துவிட்டான். பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோனவருக்கு இது மட்டும் நினைவிருக்கிறது.

முப்பத்திரண்டு வருஷம் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டப் பழக்கியவர். ஓய்வு பெற்றபோது, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பழைய வண்டி ஒன்றைத் தானே வாங்கிக்கொண்டார். ஆசிரியர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் வண்டி அது. மறதி வந்து, இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் கடிதம் கொடுத்த அன்று, அவள் அதை மடித்து அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் பக்கத்து இருக்கையில் ஏறி, அந்தப் பிரேக்கின் மேல் கால் வைத்தாள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் பெண்டாட்டிக்கு மட்டும் கற்றுத்தரவில்லை என்று உறவுக்காரர்கள் கேலி செய்வதுண்டு. அறுபத்தாறு வயதில் அவள் ஒற்றைக் காலால் கற்றுக்கொண்டாள். எங்கே திரும்புவது என்று அவள் சொல்வாள், அவர் திருப்புவார். எங்கே நிற்பது என்பது அவள் கால்.

அவருக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். அது முழு உண்மையில்லை. வீட்டில் செருப்பு எந்தக் காலுக்கு என்று விழிக்கிறவர், ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் பழைய மனுஷனாகிவிடுவார். அந்த மனுஷனோடு அரைமணி நேரம் இருக்க அவளுக்குத்தான் ஆசை.

"போலீஸுக்குக் கொடுக்கிற வாக்குமூலம். படிக்கிறேன், கேளுங்கம்மா" என்றார் வக்கீல். "விபத்து நாள் வரை என் கணவருக்கு மறதி இருந்ததாக எனக்குத் தெரியாது. தபால்காரப் பெண் போனைப் பார்த்தபடி திடீரென்று குறுக்கே வந்தார். இவ்வளவுதான். மறதி அன்னிக்குத்தான் முதல் தடவையா வந்துச்சுன்னா யார் மேலயும் தப்பில்ல. தெரிஞ்சே ஓட்ட விட்டீங்கன்னா, அவரை விட்டுட்டு உங்களைத்தான் பிடிப்பாங்க."

"அந்த ரெண்டாவது பிரேக்?" என்றான் மகன்.

"யாரும் கேட்கல. நாமளா வாயைத் திறக்க வேண்டாம்."

குறுக்கே வரவில்லை. நூலகத்துக்கு எதிரே, சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளின் ஓரத்தில் தபால் பையோடு நின்றிருந்தாள் அந்தப் பெண். அவளும் அவரிடம் கற்றவள்தான். வண்டியை அடையாளம் கண்டு கையைத் தூக்கினாள். கோட்டில் ஆள் நின்றால் நிற்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரின் வண்டியாயிற்றே. நம்பிச் சாலையில் இறங்கினாள்.

அந்த நேரத்தில் அவர் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். வேகமாகப் போகச் சொன்னதற்கு வண்டியை விட்டிறங்கி வேகமாக நடந்துபோன மாணவனின் கதை. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு சொல் தவறாமல், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. அவள் சாலையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் கால் பிரேக்கை விட்டு எழுந்திருந்தது.

இப்போது அந்தப் பெண்ணின் தொடையில் இரும்புத் தகடு. நடந்து பிழைக்கிறவள் இனி எப்போது நடப்பாள் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை.

வக்கீல் பேனாவை நீட்டினார். வாங்கினாள். விரல் நடுங்கியது.

கணவர் அந்த நடுக்கத்தைக் கவனித்தார். "பயப்படாதே பாப்பா" என்றார், புது மாணவியிடம் பேசும் கனிவோடு. "முதல் நாள் எல்லாருக்கும் கை நடுங்கும்."

"போடும்மா" என்றான் மகன். "உன்னைக் கோர்ட்ல நிறுத்தி வச்சுப் பார்க்க என்னால முடியாது. அப்பாவுக்காகவாவது."

"அப்பாவுக்காகன்னு சொல்லித்தான் ரெண்டு வருஷமா அந்த சீட்ல உட்கார்ந்திருந்தேன்."

"அம்மா, நீ உண்மையைச் சொன்னா அவளுக்குக் கால் சரியாயிடப் போகுதா?"

"ஆகாது. ஆனா அவ மேல தப்புன்னு எழுதினா, அதையும் அவளே சுமக்கணும்."

அவள் காகிதத்தை ஒருமுறை முழுக்கப் படித்தாள். எழுத்துப் பிழைகூட இல்லாமல் சுத்தமாக அடித்திருந்தார்கள். அதன் மேல் பேனாவை வைத்து, இரண்டையும் வக்கீல் பக்கமாக நகர்த்தினாள்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றாள். "தெரியாதுன்னு கையெழுத்துப் போட மாட்டேன்."